கேஷுயிஸ்ட்ரி: கொல்லைப்படியில் நின்ற நியாயம்

எனக்கு ஏழெட்டு வயதிருக்கும். மாதம் பத்தாம் தேதி தாண்டிவிட்டால் எங்கள் வீட்டு வாசலில் சீட்டுக்காரரின் சைக்கிள் வந்து நிற்கும். மணிச் சத்தம் கேட்டதும் அப்பா பேப்பரை மடித்துவைத்துவிட்டு சமையலறை வழியாகக் கொல்லைக்குப் போவார். பின்வாசல் படியிலிருந்து ஒரு அடி கீழே இறங்கி, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு என்னிடம் சொல்வார்: "இப்ப நான் வீட்டுக்குள்ள இல்லைல்ல? போய் 'அப்பா வீட்ல இல்லை'ன்னு சொல்லு. இது பொய் இல்லடா."

நானும் ஓடிப்போய்ச் சொல்வேன். பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று சொல்லி வளர்த்தவரும் இதே அப்பாதான். எனக்கு அதில் ஒரு முரண்பாடும் தெரியவில்லை. படிக்கு அந்தப் பக்கம் வீடு, இந்தப் பக்கம் வீடு இல்லை. கணக்கு சரியாகத்தானே இருக்கிறது?

அப்பா இறங்கி நின்ற அந்த ஒரு அடிக்கு ஐரோப்பாவில் தலையணை தலையணையாகப் புத்தகங்கள் எழுதியிருக்கிறார்கள். கெட்டிக்காரப் பாதிரியார்கள் அதை வகுப்பெடுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு கணித மேதை அதைக் கிண்டலடித்தே பிரெஞ்சு உரைநடையில் பெயர் வாங்கினார். ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் சொல் கேஷுயிஸ்ட்ரி. தலையங்கங்களிலும் தீர்ப்புகள் பற்றிய கட்டுரைகளிலும் எப்போதாவது எதிர்ப்படும். அகராதியைப் புரட்டினால் 'நுணுக்கமான ஒழுக்க வாதம்' என்கிற மாதிரி ஏதோ இருக்கும். படித்தபின்னும் அது பாராட்டா திட்டா என்று புரியாது. புரியாததில் நியாயம் உண்டு. இரண்டுமாக இருந்த சொல் அது.

உச்சரிப்பை முதலில் முடித்துவிடுவோம். நடுவில் வரும் ஷு, 'டெலிவிஷன்' என்று ஆங்கிலக்காரர் சொல்லும்போது வரும் ஷ மாதிரி. ஸு என்று சொல்பவர்களும் உண்டு, தப்பில்லை. சொல்லின் முதல் பாதி நமக்கு ரொம்பப் பழக்கமானது: கேஸ். கோர்ட்டில் நடக்கிற கேஸ், ஆஸ்பத்திரியில் 'சீரியஸ் கேஸ்' என்கிறார்களே, அந்தக் கேஸ்தான். லத்தீனில் காசுஸ் என்றால் விழுந்தது. அதிலிருந்து, நேர்ந்தது, சம்பவம். இலக்கணத்தில் நாம் வேற்றுமை என்பதை ஆங்கிலத்தில் கேஸ் என்பதும் இதே காசுஸிலிருந்துதான். (சூட்கேஸில் இருக்கும் கேஸ் வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அடுப்பில் எரியும் கேஸ் இன்னும் வேறு. குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

ஆக, கேஷுயிஸ்ட்ரி என்றால் அடிப்படையில் 'கேஸ் பார்ப்பது'. பொய் சொல்லாதே, திருடாதே, வட்டி வாங்காதே என்று பொதுவிதிகள் இருக்கின்றன. ஆனால் வாழ்க்கை நம் முன்னால் விதிகளாக வந்து நிற்பதில்லை, சம்பவங்களாக வந்து நிற்கிறது. இந்த ஆள், இந்த நெருக்கடி, இந்த இடம் என்று எடுத்துவைத்துக்கொண்டு, விதி இங்கே எப்படிப் பொருந்தும், எங்கே தளரும் என்று அலசுவது அதன் முதல் பொருள். அப்படி அலசுபவர் கேஷுயிஸ்ட். இரண்டாவது பொருள் திட்டு: விதியை மீறியதாகவும் தெரியக்கூடாது, வேண்டியதை விடவும் கூடாது என்று நூல் பிரித்துப் பேசும் சாமர்த்தியம். இன்றைக்குப் பத்திரிகையில் பார்த்தால் பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான்.

முதல் பொருளுக்கு ஒரு பழைய கணக்கு. கிமு 44இல் ரோமானியப் பேச்சாளர் சிசரோ, ஏதென்ஸில் படித்துக்கொண்டிருந்த மகனுக்காகக் கடமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் வருகிறது இது. ரோட்ஸ் தீவில் பஞ்சம், தானியம் எட்டாத விலை. அலெக்சாந்திரியாவிலிருந்து ஒரு வியாபாரி கப்பல் நிறையத் தானியத்தோடு வந்து இறங்குகிறான். அவன் நல்லவன். ஆனால் அவனுக்கு மட்டும் ஒரு விஷயம் தெரியும்: பின்னாலேயே இன்னும் பல தானியக் கப்பல்கள் வந்துகொண்டிருக்கின்றன. இதை ஊர்க்காரர்களிடம் சொல்லிவிட்டால் விலை இறங்கிவிடும். சொல்லாமல் விற்கலாமா? வெங்காயம் எகிறிக் கிடக்கும் ஒரு வாரத்தில், நாசிக்கிலிருந்து நாலு லாரி கிளம்பிவிட்டது தெரிந்த மொத்த வியாபாரியை நினைத்துக்கொண்டால் போதும், ரோட்ஸ் வரை போகவே வேண்டாம்.

இரண்டு தத்துவவாதிகள் இதில் மோதுவதாக சிசரோ காட்டுகிறார். பாபிலோன் டயோஜீனஸ் சொல்கிறார்: சரக்கில் குறை இருந்தால் சட்டம் கேட்கிறபடி சொல், மற்றபடி உனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒப்பிக்க வேண்டியதில்லை, சொல்லாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு. அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர் சொல்கிறார்: எல்லாவற்றையும் சொல், வாங்குபவனும் மனிதன்தான். சிசரோ மாணவர் பக்கம் சாய்கிறார். எல்லா மௌனமும் மறைப்பு ஆகிவிடாது. ஆனால் கேட்பவனுக்குத் தெரிந்தாக வேண்டிய ஒன்றை நம் லாபத்துக்காகத் தெரியவிடாமல் பார்த்துக்கொண்டால் அது மறைப்புதான் என்கிறார். இங்கே யாரும் யாரையும் ஏமாற்றப் பார்க்கவில்லை. 'நேர்மையாக இரு' என்கிற விதி தெரிந்த பிறகும் கேள்வி தீரவில்லை என்பதால்தான் இவ்வளவு பேச்சும். விதியை மதிப்பதால் வரும் நுணுக்கம் இது.

இந்தக் கலை ஒரு தொழிலாகவே ஆனதற்குக் காரணம் பாவசங்கீர்த்தனம், அதாவது செய்த பாவங்களைக் குருவிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கும் கத்தோலிக்க வழக்கம். 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், ஒவ்வொரு கத்தோலிக்கரும் வருடத்துக்கு ஒரு தடவையாவது குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும் என்று விதித்தது. 16ஆம் நூற்றாண்டில் திரெந்து பொதுச்சங்கம் அதை இன்னும் இறுக்கியது: சாவான பாவங்களை (மிகப் பெரிய பாவங்களை) வகை சொல்லி, எத்தனை தடவை என்றும் சொல்ல வேண்டும். இப்போது பங்குச் சாமியாரின் நிலையை யோசித்துப் பாருங்கள். காலையில் ஒரு கடைக்காரர் வருகிறார்: எடைக்கல்லில் கொஞ்சம் குறை, ஆனால் பக்கத்துக் கடைக்காரனும் அதையேதான் செய்கிறான். அடுத்து ஒரு சிப்பாய். அதற்கடுத்து, பசிக்கிற பிள்ளைக்காக ரொட்டி எடுத்த ஒரு தாய். சாவான பாவமா, அற்ப பாவமா, பாவமே இல்லையா? எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கச் சொல்வதா? அதுவும் உடனே சொல்லியாக வேண்டும், வரிசையில் ஆள் நிற்கிறது.

அதனால் கேஸ் புத்தகங்கள் வந்தன. 1540இல் தொடங்கிய இயேசு சபை என்கிற கத்தோலிக்கத் துறவியர் சபை தன் கல்லூரிகளில் 'மனசாட்சிக் கேஸ்கள்' என்று தனி வகுப்பே வைத்தது. நம் பக்கத்துக்கும் அது சீக்கிரமே வந்துவிட்டது. முத்துக்குளித்துறையில் வேலை செய்த என்றிக்கே என்றீக்கஸ் அடிகளார் தயாரித்த தமிழ்ப் பாவசங்கீர்த்தன நூல் 1580இல் கொச்சியில் அச்சானது. தமிழில் அச்சேறிய முதல் நாலு புத்தகங்களில் ஒன்று, என்னென்ன பாவம் செய்தாய் என்று விசாரிக்கிற புத்தகம்.

ஆயிரக்கணக்கான கேஸ்கள் சேர்ந்ததும் கூடவே ஒரு வியாதியும் சேர்ந்தது. 1577இல் சலமாங்கா நகரத்தில் பார்தொலொமே தே மெதீனா என்கிற டொமினிக்கன் துறவி ஒரு கொள்கை சொன்னார்: ஒரு கருத்துக்குத் தக்க ஆதாரம் இருந்தால் அதைப் பின்பற்றலாம், எதிர்க்கருத்துக்கு அதைவிட வலுவான ஆதாரம் இருந்தாலும் சரி. அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். பெரியவர்களே ஒத்துப்போகாத விஷயத்தில் ஒரு சாதாரண மனிதனை ஏன் பாவி என்று நசுக்க வேண்டும்? ஆனால் நடைமுறையில் என்ன ஆகும்? சர்க்கரை வியாதிக்காரர் மாம்பழ சீசனில் நாலு டாக்டரைப் பார்க்கிறார். மூன்று பேர் கூடாது என்கிறார்கள், நாலாமவர் 'ஒரு துண்டு பரவாயில்லை' என்கிறார். அன்றிலிருந்து அவருக்கு நாலாமவர்தான் குடும்ப டாக்டர்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கேஸ், மூன்று ஒப்பந்தக் கேஸ். கடனுக்கு வட்டி வாங்குவது பாவம் என்று திருச்சபை சொல்லியிருந்தது. ஆனால் வியாபாரத்தில் பங்கு போட்டு லாபத்தில் பங்கு வாங்கலாம், ஏனென்றால் நஷ்டத்திலும் பங்கு உண்டு. காப்பீடு செய்துகொள்ளலாம். நிச்சயமில்லாத பெரிய லாபத்தை நிச்சயமான சின்ன லாபத்துக்கு விற்றுவிடலாம். மூன்றும் தனித்தனியே குற்றமில்லை. சரி, ஒரே ஆளிடம் மூன்றையும் செய்தால்? உன் வியாபாரத்தில் 100 காசு பங்கு போடுகிறேன். என் 100 போய்விடாதபடி நீயே காப்பீடு கொடு, அதற்கு என் லாபத்தில் கொஞ்சம் எடுத்துக்கொள். மீதி லாபம் எவ்வளவு வருமோ தெரியாது, அதையும் நீயே வாங்கிக்கொண்டு வருடத்துக்கு நிச்சயமாக 5 கொடு. கடைசியில் பார்த்தால் 100 காசு பத்திரமாக இருக்கிறது, வருடத்துக்கு 5 வருகிறது. இதைத்தான் ஊர் முழுக்க 5 சதவீத வட்டி என்று சொல்லும். 1515இல் யோஹான் எக் என்கிற ஜெர்மன் இறையியலாளர் பொலோனியா நகருக்குப் போய் மேடையில் நின்று இதை ஆதரித்து வாதாடினார். அவருக்குப் பின்னால் இருந்தது அன்றைக்கு ஐரோப்பாவின் பெரிய பணக்காரக் குடும்பமான ஃபுக்கர். 1586இல் போப் ஐந்தாம் சிக்ஸ்துஸ் இந்த வகை ஒப்பந்தத்தைக் கண்டித்தார், பழக்கம் அதோடு போய்விடவில்லை.

இதைப் படித்தால் சிரிப்பு வரும். எனக்கு அதோடு கொஞ்சம் மரியாதையும் வரும். எல்லா வட்டியும் கந்து வட்டி இல்லை, போட்ட முதலுக்கு ஒரு கூலி நியாயமாகவே உண்டு என்கிற எண்ணம் இப்படிச் சந்து பொந்து வழியாகத்தான் உள்ளே வந்தது. நேரே வாசல் வழியாக வர அன்றைக்கு அனுமதி இல்லை.

அப்பாவின் கொல்லைப்படிக்கு வருவோம். அதற்கு இந்தப் புத்தகங்களில் தனிப் பகுதியே உண்டு. அசிசி நகர பிரான்சிஸ் பற்றி ஒரு கதை வழங்கிவந்தது. ஒருவனைத் துரத்தி வந்தவர்கள் 'இந்த வழியாகப் போனானா?' என்று கேட்கிறார்கள். பிரான்சிஸ் தன் அங்கியின் கைக்குள் கையை நுழைத்துக்கொண்டு 'இந்த வழியாகப் போகவில்லை' என்கிறார். அங்கியின் கை வழியாக அவன் போகவில்லைதானே! இது இரட்டைப் பொருள். இதற்கு அடுத்த படி, பாதியை வாயால் சொல்லி மீதியை மனதுக்குள் முடித்துக்கொள்வது. 'எனக்குத் தெரியாது' என்று வாய் சொல்லும், 'உன்னிடம் சொல்லும்படியாக' என்று மனம் சேர்த்துக்கொள்ளும். முழு வாக்கியத்தைக் கடவுள் கேட்கிறார், அவருக்கு அது உண்மை.

கேட்க அசட்டுத்தனமாக இருக்கும். ஆனால் இது சூடாக விவாதிக்கப்பட்டது, புராட்டஸ்டன்ட் நாடாகிவிட்டிருந்த முதலாம் எலிசபெத் ராணி காலத்து இங்கிலாந்தில். கத்தோலிக்கக் குருவாக அங்கே போய் இறங்குவதே தூக்குக்குரிய குற்றம். மறைத்துவைத்த குடும்பத்துக்கும் அதே கதி. வீட்டுச் சுவருக்குள் ஒரு குரு ஒளிந்திருக்க, வாசலில் சேவகர்கள் 'உள்ளே குரு இருக்கிறாரா?' என்று கேட்கும்போது, பொய் பாவம் என்று நம்பும் ஒரு பெண் என்ன செய்வாள்? அவளுக்காகத்தான் அந்த மனதுக்குள் வாக்கியம். உயிரைக் காப்பாற்ற வந்த நுணுக்கத்துக்கும் சீட்டுப் பணத்தைத் தள்ளிப்போட வந்த நுணுக்கத்துக்கும் வடிவம் ஒன்றேதான். இதுதான் இந்தச் சொல்லைப் புரிந்துகொள்வதில் உள்ள சிக்கல். வாதத்தின் வடிவத்தைப் பார்த்து நல்லதா கெட்டதா என்று சொல்லிவிட முடியாது.

1605இல் நாடாளுமன்றத்தை வெடிமருந்து வைத்துத் தகர்க்கப் போட்ட சதி பிடிபட்டது. அடுத்த வருடம் இங்கிலாந்தில் இயேசு சபைக்குத் தலைவராக இருந்த ஹென்றி கார்னெட்டை விசாரித்தபோது இந்த இரட்டைப் பேச்சும் சேர்ந்தே கூண்டில் நின்றது. அதே 1606இல் கத்தோலிக்கர்களுக்காக வந்த விசுவாசப் பிரமாணத்தில், இரட்டைப் பொருளோ மனதுக்குள் ஒளித்துவைப்பதோ இல்லாமல் இதைச் சொல்கிறேன் என்று ஒரு வரி சேர்த்தார்கள். அந்த வரியின் வாரிசு இன்றும் உயிரோடு இருக்கிறது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய நம் ஊர்க்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். கையை உயர்த்தி அவர்கள் எடுத்த உறுதிமொழியில் 'மனதுக்குள் எதையும் ஒதுக்கிவைக்காமல்' என்கிற பொருளில் ஒரு தொடர் வந்திருக்கும்.

சொல்லுக்குச் சாவுமணி அடித்தவர் பாஸ்கல். கணிதப் பாடத்தில் முக்கோணமாக, இயற்பியலில் அழுத்த அலகாக வருவாரே, அவர்தான். 1656 ஜனவரி முதல் 1657 வரை, இயேசு சபையோடு பகையாக இருந்த ஜான்சனியர் என்கிற கண்டிப்பான கத்தோலிக்கக் குழுவின் பக்கம் நின்று, புனைபெயரில் 18 கடிதங்கள் வெளியிட்டார். அவர் உத்தி எளிமையானது. ஒன்றும் தெரியாத அப்பாவிபோல ஒரு பாதிரியாரிடம் சந்தேகம் கேட்பார். பாதிரியார் பெருமையோடு தங்கள் புத்தகங்களிலிருந்து எடுத்துக் காட்டுவார். துவந்த யுத்தம் பாவம்தான். ஆனால் கனவான் ஒருவர் குறித்த நேரத்தில் ஒரு வயல்வெளிக்குக் காற்றுவாங்கப் போகலாமே, அங்கே யாராவது வாளோடு பாய்ந்தால் தற்காத்துக்கொள்ளலாமே? எண்ணத்தை மட்டும் சரியான திசையில் திருப்பி வைத்துக்கொண்டால் போதும்.

அந்தக் கடிதங்களில் ஒரு சம்பவம் இருக்கிறது. பாரிஸில் இயேசு சபைக் கல்லூரி ஒன்றில் வேலை பார்த்த ஒருவர் சம்பளம் போதவில்லை என்று அங்கிருந்த வெள்ளீயத் தட்டுகளை எடுத்துவிட்டார். 1647இல் வழக்கு. குறைந்த கூலி வாங்கும் வேலைக்காரன் ஈடுகட்டும் அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று இந்தப் பாதிரியார்களின் புத்தகத்திலேயே இருக்கிறது என்று அவர் வாதாடினாராம். நீதிபதிகளில் ஒருவர் சொன்ன யோசனை: கல்லூரி வாசலில் வைத்து இவருக்குக் கசையடி கொடுங்கள், அடிப்பவரே அந்தப் புத்தகங்களையும் கொளுத்தட்டும். பாஸ்கல் இதைச் சொல்லும்போது பாதிரியார் பாத்திரத்துக்குக் கோபம் வரும், படிக்கிறவருக்குச் சிரிப்பு வரும்.

பாஸ்கல் நியாயமாக நடந்துகொண்டார் என்று சொல்ல மாட்டேன். ஆயிரம் கேஸில் மோசமான ஐம்பதைப் பொறுக்கி எடுத்தார், மேற்கோள்களை வெட்டி ஒட்டினார் என்று எதிர்த்தரப்பு புலம்பியது. அதில் உண்மையும் உண்டு. ரோம் அவருடைய கடிதங்களைத் தடை செய்தது. ஆனால் 1679இல் போப் பதினொன்றாம் இன்னொசென்ட், தளர்வான கேஷுயிஸ்டுகளின் 65 கூற்றுகளைக் கண்டித்தபோது பாஸ்கல் கிண்டலடித்த சங்கதிகளும் அதில் இருந்தன. அவர் அதிகம் சீண்டிய ஸ்பானியக் குரு எஸ்கொபாரின் பெயர் பிரெஞ்சில் ஒரு வினைச்சொல்லாகவே ஆனது. எஸ்கொபார்தே என்றால் பூசி மெழுகுவது. ஆங்கிலத்தில் அலெக்சாண்டர் போப் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தன் அங்கதக் கவிதையில் கேஷுயிஸ்ட்ரியை உதவாக்கரைப் பொருள்களின் பட்டியலில் உலர்ந்த பட்டாம்பூச்சிகளுக்குப் பக்கத்தில் வைத்தார். அதற்கப்புறம் அந்தச் சொல்லுக்கு நல்ல பெயர் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது.

மதுரையில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் இந்தக் கதையைத் தாண்ட முடியாது. 1606இல் அங்கே வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தி, சைவ உணவு சாப்பிட்டு, மேல்சாதியார் நடுவில் வேலை செய்தார். மதம் மாறுகிற பிராமணர் பூணூலைக் கழற்ற வேண்டுமா? குடுமியை வெட்ட வேண்டுமா? சந்தனம் பூசலாமா? அவருடைய வாதம் அசல் கேஷுயிஸ்ட்ரி: பூணூல் வழிபாட்டின் அடையாளம் என்றால் கூடாது, குலத்தின் அடையாளம் என்றால் அது வெறும் சமூக வழக்கம். சக பாதிரியார்களே எதிர்த்தார்கள், கோவாவில் விவாதம் நடந்தது, ரோம் வரை போனது. 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி நிபந்தனைகளோடு அனுமதித்தார். 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் இந்த வகைச் சடங்குகளுக்கெல்லாம் கடிவாளம் போட்டார். நொபிலியின் நூல் பிரிப்பு அபாரமானது. ஆனால் பூணூல் மதமா, வழக்கமா என்று அவ்வளவு நுணுக்கமாகக் கேட்டவர்கள், அந்த வழக்கம் நியாயமானதா என்று கேட்கவில்லை. பிறகு மேல்சாதியாருக்கு ஒரு வகைக் குரு, மற்றவர்களுக்குப் பண்டாரசாமி என்று வேறு வகைக் குரு என்றுதான் போனது. கேஷுயிஸ்ட்ரி என்றதும் எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். கையிலிருக்கும் கேள்வியை மயிரிழையாகப் பிரிப்பதில் மும்முரமாகி, பக்கத்தில் கிடக்கும் பெரிய கேள்வி கண்ணில் படாமல் போய்விடும்.

தமிழில் இதற்கு என்ன சொல்? விதண்டாவாதம் என்று சிலர் எழுதுகிறார்கள். அது பொருந்தாது. நியாய சாஸ்திரக் கணக்கில் விதண்டை என்றால் தன் கட்சி என்று ஒன்றும் இல்லாமல் எதிராளியை மட்டும் உடைப்பது. கேஷுயிஸ்டுக்குத் தன் கட்சி கண்டிப்பாக உண்டு. குதர்க்கம் கொஞ்சம் நெருக்கம், ஆனால் எந்த விஷயத்திலும் குதர்க்கம் பேசலாம். இது நல்லது கெட்டது பற்றிய பேச்சில் மட்டும் வருவது. சப்பைக்கட்டு என்பதற்கு இவ்வளவு படிப்பு தேவையில்லை. 'தர்ம சூட்சுமம்' என்பது நல்ல பொருளுக்கு அருகில் வருகிறது. அதற்கும் இதே இரட்டை வாழ்க்கைதான். சூதுமண்டபத்தில் திரௌபதி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் பீஷ்மர் சொன்னது தர்மம் சூட்சுமமானது என்பதுதானே. துரோணரிடம் அசுவத்தாமன் இறந்தான் என்று உரக்கவும், யானை என்பதை முணுமுணுப்பாகவும் சொன்ன தருமனின் தேர், அதுவரை தரையிலிருந்து நாலு விரல் மேலே ஓடிக்கொண்டிருந்தது, அன்றைக்குத் தரையில் இறங்கியது. மனதுக்குள் வாக்கியத்தை முடித்துக்கொண்ட ஐரோப்பியர்களுக்கு இந்தத் தேரைக் காட்டியிருக்கலாம். என்னைக் கேட்டால் திட்டும்போது 'நூல் பிரிக்கிற நியாயம்' என்று விளக்கமாகவே எழுதிவிடலாம். நல்ல பொருளில் 'கேஸ்வழி அறவாதம்' எனலாம்.

நல்ல பொருள் இன்னும் இருக்கிறதா என்றால், திரும்பி வந்திருக்கிறது, அதுவும் ஆஸ்பத்திரி வழியாக. 1972இல் அமெரிக்காவின் டஸ்கிகீயில் நாற்பது வருடமாகக் கறுப்பின நோயாளிகளுக்குச் சிகிச்சை கொடுக்காமல் வேடிக்கை பார்த்த ஆராய்ச்சி வெளியே வந்தது. 1974இல், மனிதர்கள் மேல் ஆராய்ச்சி செய்வதற்கு நெறிமுறை வகுக்க ஒரு தேசியக் கமிஷன் அமைத்தார்கள். அதில் உறுப்பினராக இருந்த ஆல்பர்ட் ஜான்சனும் ஆலோசகராக இருந்த தத்துவவாதி ஸ்டீபன் டூல்மினும் ஒன்றைக் கவனித்தார்கள். குழந்தைகள், கைதிகள் என்று ஒவ்வொரு கேஸாகப் பேசும்போது உறுப்பினர்கள் பெரும்பாலும் ஒரே முடிவுக்கு வருகிறார்கள், 'ஏன்?' என்று கொள்கையைக் கேட்டால் ஆளுக்கொரு பக்கம் போகிறார்கள். 1988இல் இருவரும் கேஷுயிஸ்ட்ரிக்கு வக்காலத்து வாங்கி ஒரு புத்தகமே எழுதினார்கள்.

அவர்கள் சொல்லும் முறையை நம் வீட்டுக் கேஸில் போட்டுப் பார்க்கலாம். "அப்பாகிட்ட கேன்சர்னு சொல்லிடாதீங்க டாக்டர்." எந்தப் பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவிலும் கேட்கிற பேச்சு. முதலில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் கேஸ் ஒன்றை எடுக்க வேண்டும்: தெளிவான மனதோடு இருக்கும் நோயாளி டாக்டரின் கண்ணைப் பார்த்து 'எனக்கு என்ன?' என்று கேட்கிறார். பொய் சொல்லக்கூடாது, சந்தேகமில்லை. இப்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள். அவர் கேட்கவே இல்லை, 'எல்லாம் பையன்கிட்ட பேசிக்கோங்க' என்று அவரே சொல்லிவிட்டார் என்றால்? அது அவர் எடுத்த முடிவு, மதிக்கலாம். கேட்கவில்லை, ஆனால் கீமோவுக்குக் கையெழுத்துப் போட வேண்டும் என்றால்? எதற்கு என்று தெரியாமல் போடும் கையெழுத்துக்கு மதிப்பென்ன? மகன் மறைக்கச் சொல்வதற்குக் காரணம் அப்பாவின் மனநிலை இல்லை, இன்னும் எழுதாத உயில் என்றால்? இப்படி விவரத்தை நகர்த்த நகர்த்தத் தீர்ப்பு நகர்வதைப் பார்க்கிறீர்கள். இதுவும் நுணுக்கம்தான். தீர்ப்பு எங்கே போய் நிற்கும் என்று ஆரம்பிக்கும்போது தெரியாது. கொல்லைப்படியில் அது முன்கூட்டியே தெரியும். மற்றபடி இரண்டிலும் வேலை ஒன்றுதான்.

எழுதும்போது எப்படிப் பயன்படுத்துவது என்றால், 'அந்த அறிக்கை வெறும் கேஷுயிஸ்ட்ரி' என்று எழுதினால் படிப்பவர் அதைத் திட்டு என்றே எடுத்துக்கொள்வார். மருத்துவ அறவியல் பற்றிய கட்டுரையில் வந்தால் திட்டு இல்லை. பழங்காலச் சட்டங்களைப் பற்றிப் படிக்கையில் 'கேஷுயிஸ்டிக் சட்டம்' என்று வரும். ஹம்முராபி சட்டம்போல 'ஒருவன் இப்படிச் செய்தால் இன்ன தண்டனை' என்கிற வடிவம் என்று மட்டும்தான் அதற்குப் பொருள். வெறுமனே தப்பான வாதத்துக்கெல்லாம் இந்தச் சொல்லைப் போட வேண்டாம். அறம் சார்ந்த ஒரு விதி இருக்க வேண்டும், ஒரு கேஸ் இருக்க வேண்டும், நடுவில் யாரோ நூல் பிரித்திருக்க வேண்டும்.

பொய் எந்த நிலையிலும் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்ற ஜெர்மன் தத்துவவாதி கான்ட்கூட, 1797இல் வெளியான தன் அறநூலில் 'கேஷுயிஸ்டிக் கேள்விகள்' என்று தலைப்புப் போட்டுச் சில கேஸ்களை வைத்தார். கடிதத்தின் அடியில் 'தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன்' என்று போடுவது பொய்யா என்பது ஒன்று. இன்னொன்றைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. யாராவது கேட்டால் 'வீட்டில் இல்லை' என்று சொல்லும்படி எஜமானர் வேலைக்காரனிடம் சொல்லிவைக்கிறார். வேலைக்காரன் அப்படியே சொல்கிறான். கைது செய்ய வந்த காவலர் திரும்பிப் போகிறார். எஜமானர் நழுவிப்போய் ஒரு பெரிய குற்றம் செய்துவிடுகிறார். குற்றம் யார்மேல்? வேலைக்காரன்மேலும்தான் என்கிறார் கான்ட். அந்த வேலைக்காரனுக்கு ஏழு வயது என்றால் என்ன சொல்லியிருப்பாரோ.

எங்கள் சீட்டுக்காரர் கான்ட் படித்தவர் இல்லை. நாலைந்து மாதம் 'வீட்ல இல்லை'யைக் கேட்டுக்கொண்டு பேசாமல் போனார். ஒரு நாள் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "அப்பா வீட்ல இல்ல, சரி. இப்ப எங்க நிக்கிறாரு தம்பி?" என்றார்.

அதற்கு அப்பா எனக்கு எதுவும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. நான் திரும்பிக் கொல்லைப் பக்கம் பார்த்தேன்.